கீல் பக்கம் நிற்கும் மீனு

கேள்வி: எங்கள் பூனை மீனுவுக்கு 16 வயது. இரண்டு மாதங்களாக நடுராத்திரியில் சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று கத்துகிறாள். சாப்பிட்ட தட்டின் ஈரம் காயும் முன்பே மறுபடி கேட்கிறாள். வெளியே போக, கதவின் கீல் பக்கம் போய் நிற்கிறாள். வயதானால் இப்படித்தான் என்கிறார் கணவர். அப்படித்தானா டாக்டர்?
வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: கீல் பக்கம் நிற்கிறாள் என்று படித்ததும் மனம் கனத்தது. எத்தனை ஆயிரம் முறை அந்தக் கதவு வழியே போய் வந்திருப்பாள்! மனிதர்களின் அல்சைமர் நோயைப் போலவே, முதிய பூனைகளின் மூளையிலும் அமிலாய்டு என்ற புரதம் படிவதுண்டு. இடமும் நேரமும் குழம்பிப்போகும்.

ஆனாலும் மறதி நோய் என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள் அம்மா. தைராய்டு மிகுந்தாலும் அடங்காத பசியும் இரவுக் கத்தலும் வரும். ரத்த அழுத்தம், மூட்டுவலி, காது மந்தம் ஆகியவையும் இதே வேடம் போடும். தைராய்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்ல மருந்து இருக்கிறது. இந்த வாரமே இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். வலியோ என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

சமையலறையில் இரவு முழுக்கச் சின்ன விளக்கு எரியட்டும். மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். சாமான்களை இடம் மாற்றவே வேண்டாம். கத்தும்போது அதட்டாதீர்கள். என் பூனையும் கடைசி வருடத்தில் இப்படித்தான் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லி நெற்றியைத் தடவினால், கை பட்ட இடத்திலேயே தூங்கிவிடுவாள்.