கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் மூளை மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக வேலை செய்யுமா?

கூடத்தான் வேலை செய்யும் என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். நான் மூளை ஆராய்ச்சிக்காரன் இல்லை. கோண்டாவிலில் தகரம் போட்ட ரியூசன் கொட்டிலில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன்.

1988இல் ரிச்சர்ட் ஹையர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 8 பேருக்கு வடிவப் புதிர்கள் கொடுத்து, அந்த நேரம் மூளை எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்று பெற் (PET) ஸ்கானில் பார்த்தார். கூடப் புள்ளி எடுத்தவர்களின் மூளை குறையத்தான் எரித்திருந்தது. பெற்றோல் குறையக் குடிக்கிற மோட்டார்சைக்கிள் மாதிரி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நொய்பௌவர், ஃபிங்க் என்ற ஆய்வாளர்கள் 2009இல் இப்படியான ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, இந்தச் சிக்கனம் பெரும்பாலும் லேசான, நடுத்தரமான கணக்குகளில்தான் தெரிந்தது. கணக்கு இறுகினால் கெட்டிக்காரரின் மூளைதான் கூட உழைக்கிறது. மற்றவர்கள் இடையில் கைவிட்டுவிடுகிறார்களோ என்னவோ.

என் வகுப்பில் ஒரு பெடியன். கப்பிக் கணக்கை இரண்டு வரியில் முடித்துவிட்டு வெளியே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் ஒப்பமான தரையில் ஆப்பு, அதன் மேல் வழுக்கும் துணிக்கை என்று ஒன்று கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவன் உடனே சமன்பாடு எழுதத் தொடங்கி மூன்று பக்கம் போய்விட்டான். இவன் பேனை மூடியைக் கடித்தபடி தாளை அப்படியும் இப்படியும் திருப்பினான். இருபது நிமிடம் கழித்து, "சேர், முதல்ல ஆப்பு எந்தப் பக்கம் போகும்?" என்றான். அதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. அவனை ஒருவரும் ஸ்கான் எடுக்கவில்லை, நான் கண்டதைத்தான் சொல்கிறேன்.

"கணக்கு இடது மூளை வேலை" என்பதையும் விட்டுவிடுங்கள். 2016இல் அமால்ரிக், டெஹேன் இருவரும் 15 கணிதவியலாளர்களை ஆராய்ந்தபோது, உயர்கணிதத்தை யோசிக்கையில் இரண்டு பக்கமும் இயங்கியது. மொழிக்குரிய பகுதிகள் பெரிதாகச் சேரவில்லை.

போன மாதம் அந்தப் பேனை மூடி கடித்த பெடியனின் தாய் வந்தார். "ஒரு கணக்கோட விடிய விடிய இருக்கிறான் சேர், மூளை மந்தமோ? நடுமூளையைத் தூண்டுற வகுப்பு ஒண்டு இருக்காம், விடட்டோ?"

"நடுமூளை கண்ணசைக்க, சத்தம் கேட்டுத் திரும்ப உதவுறது அக்கா. அது எழும்பித்தான் இருக்கு. நீங்கள் இரவில லைற்றை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."