பூஜாங்குக்குப் பிள்ளைகளோடு போவது பற்றி

வணக்கம் ஐயா. பீடோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்களை, கெடாவில் பழைய கோயில்களின் இடிபாடுகள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். அங்குள்ளதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? ஒரே நாளில் எதையெல்லாம் காட்ட முடியும்? அருவிக்கும் போகவேண்டும் என்று நச்சரிக்கிறார்கள்.

– ஓர் ஆசிரியை

வணக்கம் டீச்சர்.

கட்டாயம் அழைத்துப் போங்கள். பக்கத்திலேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டு, கடைசிவரை பார்க்காமலே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர்.

ராஜேந்திரன் கட்டியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனுடைய படை கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, தாக்கியது 1025-ல். செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ 1834-ல் கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு அதற்கு ஐந்நூறு ஆண்டுகளாவது மூத்தது. கல்லின் நடுவே ஒரு ஸ்தூபி, சுற்றிலும் எழுத்து. ஒரு கப்பல் தலைவன், பயணம் நல்லபடியாக முடியவேண்டும் என்று வெட்டிவைத்தது. இப்போது அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே முதலில் வந்திறங்கியவர்கள் அவனைப் போன்ற மாலுமிகளும் வணிகர்களும்தான். அவர்களில் பௌத்தர்களும் இருந்தார்கள், சைவர்களும் இருந்தார்கள்.

சோழர் கதையே வேண்டும் என்றால் ஆனைமங்கலச் செப்பேட்டைச் சொல்லுங்கள். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்ப, ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் அதற்கு ஒரு கிராமத்தையே கொடுத்தான். இங்கிருந்து போய் அங்கே கட்டியிருக்கிறார்கள்! படையெடுப்பை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு இது தெரியவேண்டும்.

மெர்போக் அருங்காட்சியகத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள் (பழங்கோயிலை இங்கே சண்டி என்பார்கள்). கருங்கல் அடித்தளம்தான் மிச்சம். மண்டபப் பகுதியில் பிள்ளைகளை உட்காரவைத்து, தூண் தாங்கிய கற்களைக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தூண் நிற்பதற்கென்று வட்டமாகக் குழி குடைந்திருப்பார்கள். மரம் மக்கிப்போய்விட்டது, குழி இருக்கிறது. "கூரை எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் கோயில் மாதிரி கல்லிலேயே எல்லாவற்றையும் எழுப்பாமல், இந்த மண்ணில் கிடைத்த மரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களின் கை இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அப்புறம், அடித்தளத்தில் புதைத்திருந்த சிறு கல் பெட்டிகளை அருங்காட்சியகத்துக்குள் போய்ப் பாருங்கள்.

சுங்கை பத்து அகழ்விடம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்களும் அங்கே கிடைத்தன. உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிகளில் சிலர் அந்த வட்டாரத்து ரப்பர் நிரைகளில் பால் வெட்டியிருப்பார்கள். வீட்டில் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். தரையில் கிடக்கும் செங்கல் துண்டைக்கூட யாரும் எடுக்கக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். 11-ஆம் எண் சண்டியை வீடமைப்புக்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்ற செய்தி 2013-ல் வெளிவந்தபோது எனக்கு ஆறவே இல்லை. இன்றும் ஆறவில்லை. அந்த இடத்தை இனி எந்தப் பிள்ளைக்கும் காட்ட முடியாது.

ஜெராய் மலையைப் பஸ்ஸிலிருந்தே காட்டிவிடலாம். 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்களுக்குத் தூரத்திலிருந்தே கண்ணில் பட்ட அடையாளம் அது.

அருவிக்கு வருவோம். துப்பா அருவி பக்கத்தில்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து திடீரென இறங்கிய வெள்ளம் யான் என்ற ஊர்ப் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனதை மறக்காதீர்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்துகொண்டிருக்கலாம். மலை உச்சி கறுத்திருந்தால் போகவே வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, இலைதழை அதிகமாக வந்தாலோ, அந்த நொடியே எல்லாரையும் கரையேற்றிவிடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் செரோக் தோக்குன் என்ற பழங்கல்வெட்டுப் பாறை இருக்கிறது. தென்னிந்திய வகை எழுத்து, நன்றாகவே தேய்ந்துவிட்டது. அதை இதே நாளில் திணிக்காதீர்கள். இன்னொரு சனிக்கிழமை, ஒரு டார்ச் விளக்கோடு போங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியும்.