கேள்வி பதில்: கைப்பேசி கேமராவில் பார்கோடும் கியூஆர் கோடும்

கேள்வி: கியூஆர் கோட்டைப் படிக்க எந்தச் செயலியை நிறுவுவது நல்லது?

எதையும் நிறுவ வேண்டாம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோனின் கேமராவே அதைப் படித்துவிடுகிறது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றிலும் அப்படித்தான். இல்லாவிட்டால் கூகுள் லென்ஸ் இருக்கிறது. ஒரு கோடிக்கும் மேல் நிறுவப்பட்டிருந்த ஸ்கேனர் செயலி ஒன்று, பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்கிவிட்டு, 2020 டிசம்பரில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு தானாகவே விளம்பரப் பக்கங்களைத் திறக்கத் தொடங்கியது. கேமரா செய்துவிடும் வேலைக்காக அந்த இடரை ஏன் ஏற்க வேண்டும்?

கேள்வி: மருந்துப் புட்டியிலுள்ள சிறிய பார்கோடு படியவில்லை. கிட்டே கொண்டுபோகப் போக இன்னும் மங்குகிறது.

கிட்டே கொண்டுபோவதுதான் சிக்கல். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் உண்டு. அதற்குள் வரும் எதுவும் மங்கலாகத்தான் தெரியும். கைப்பேசியைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு மடங்கு ஜூம் செய்து பாருங்கள். அடுத்து, கோடுகள் புட்டியின் நீளவாக்கில் அச்சிடப்பட்டிருந்தால் ஓரத்துக் கோடுகள் வளைவில் திரும்பி நெருங்கிவிடும். ஆகவே பார்கோட்டின் நடுப்பகுதி கேமராவுக்கு நேராக வருமாறு புட்டியைத் திருப்புங்கள். பார்கோட்டில் தகவல் இருப்பது கோடுகளின் அகலத்திலும் இடைவெளியிலும் மட்டுமே. உயரம் முழுவதும் அதே செய்திதான் என்பதால், மேற்பாதி கிழிந்திருந்தாலும் கீழ்ப்பாதியே போதும்.

கேள்வி: ஓர் அறிவிப்புக்காகத் தமிழில் ஒரு பத்தி எழுதி, நடுவில் சின்னமும் வைத்து, கியூஆர் கோடு உருவாக்கினேன். சில கைப்பேசிகளில் மட்டும் படியவில்லை. 30 விழுக்காடு அழிந்தாலும் படிக்கும் என்கிறார்களே?

அந்த 30 விழுக்காடு, ‘எச்’ என்னும் உயர்ந்த பிழைதிருத்த நிலைக்கு மட்டுமே உரியது. ‘எல்’ என்னும் தாழ்ந்த நிலையில் அது சுமார் 7 தான். அதுவும் பரப்பளவின் கணக்கு அன்று, உள்ளே பதிந்துள்ள தரவுத் துண்டுகளின் கணக்கு. மூன்று மூலைகளிலுள்ள பெரிய சதுரங்களுக்கு அந்தச் சலுகை இல்லை: அவற்றின் மையம் வழியாக எந்தத் திசையில் கோடு போட்டாலும் கருப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும், அந்த விகிதத்தைத் தேடித்தான் கேமரா கியூஆர் கோட்டையே கண்டுபிடிக்கிறது. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியபோது, அச்சுப் பொருள்களில் அரிதாக வரும் விகிதமாகப் பார்த்தே அதைத் தேர்ந்தெடுத்தது.

உங்களுக்குச் சின்னத்தைவிடப் பெரிய தடை அந்தப் பத்தி. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும். ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே, மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 15 பைட். மிகப் பெரிய கியூஆர் கோடு நீளத்திலும் அகலத்திலும் 177 கட்டங்கள் கொண்டது. அதில் அடங்குவதே அதிகபட்சம் 2,953 பைட். உரை நீள நீளக் கட்டங்கள் பெருகி, ஒவ்வொன்றும் பொடியாகிவிடும், பழைய கேமராக்கள் அங்கே தோற்றுப்போகும். பத்தியை ஒரு வலைப்பக்கத்தில் வைத்து, அதன் குறுகிய முகவரியை மட்டும் கோட்டில் இடுங்கள். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட மறக்காதீர்கள்.

கேள்வி: பார்கோடு எண் 690 என்று தொடங்கும் பொருள் சீனாவில் செய்யப்பட்டது என்பது உண்மைதானே?

இல்லை. 690 முதல் 699 வரையிலான தொடக்கங்கள் பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் சீனக் கிளை வழங்குபவை. எண்ணை வாங்கிய நிறுவனம் அங்கே பதிவு செய்திருக்கிறது என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. அந்நிறுவனத்தின் தொழிற்சாலை எங்கும் இருக்கலாம்.

கேள்வி (மேற்படியாரிடமிருந்தே): ஆனால் நான் ஸ்கேன் செய்யும் செயலி நாட்டின் பெயரைக் காட்டுகிறதே?

செயலியிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்கிறது. உலகில் எங்கே அச்சான நூலானாலும் அதன் பார்கோடு 978 அல்லது 979 என்றுதான் தொடங்குகிறது. உங்கள் வாதப்படி அந்த நூல்களெல்லாம் எந்த நாட்டில் அச்சாயின?

கேள்வி (வேறொருவர்): தொடக்க இலக்கங்கள் பயனற்றவை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. 13 இலக்க எண்ணில் முதல் இலக்கத்துக்குத் தனிக் கோடுகளே கிடையாது. அடுத்த ஆறு இலக்கங்களை இரண்டு விதமான கோட்டமைப்புகளில் எந்த வரிசையில் வரைகிறார்கள் என்பதிலிருந்தே கேமரா அதை ஊகித்தறிகிறது. கடைசி இலக்கமோ சரிபார்ப்புக்கு உரியது. 9780306406157 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பன்னிரண்டு இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 93 வரும். அடுத்த பத்தின் மடங்கான 100-ஐ எட்ட 7 தேவை, கடைசியில் இருப்பதும் 7. ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் இந்தக் கணக்கு உடனே உடைந்துவிடும். தயாரிக்கப்பட்ட நாட்டை அறிய வேண்டுமானால் பொட்டலத்தில் எழுத்தில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். இதைப் பற்றி இனி வரும் கேள்விகளுக்கும் இதுவே பதில்.

கேள்வி: கியூஆர் கோடு காலாவதியாகுமா?

முகவரியை நேரடியாகக் கொண்ட கோடு ஒருநாளும் காலாவதியாகாது. இடையில் ஒரு சேவையின் முகவரி வழியாகத் திருப்பிவிடப்படும் கோடு, அந்தச் சேவை நின்ற நாளில் செத்துவிடும்.

கேள்வி: இலவசத் தளத்தில் உருவாக்கிய என் கோடு திடீரென்று வேலை செய்யவில்லை, ஏன்?

மேலே உள்ள பதிலின் இரண்டாம் வாக்கியம்.

கேள்வி: ஸ்கேன் செய்தவுடனே கைப்பேசிக்குள் வைரஸ் புகுந்துவிடுமா?

பொதுவாக ஸ்கேன் செய்வதால் மட்டும் எதுவும் புகுவதில்லை. திரையில் தோன்றும் இணைப்பைத் தொட்டபின் நடப்பதுதான் ஆபத்து. முகவரியை முழுவதும் படித்துவிட்டுத் தொடுங்கள். பொது இடங்களில் ஒட்டியிருக்கும் கோட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது. அசல் கோட்டின்மேல் வேறொன்றை ஒட்டிவிடுவது மோசடிக்காரர்களின் பழைய வேலை.

கேள்வி: வண்ணக் கியூஆர் கோடு அச்சிட எந்தத் தாள் சிறந்தது?

அதை அச்சகத்தாரிடம் கேளுங்கள். வெளிர்நிறப் பின்னணியில் அடர்நிறக் கோடு இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்களிடம் வலியுறுத்துங்கள். தலைகீழாக மாற்றினால் சில ஸ்கேனர்கள் படிக்காது.

கேள்வி: கோடு என் கைப்பேசியின் திரையிலேயே வந்திருக்கிறது. இன்னொரு கைப்பேசி இல்லாமல் எப்படிப் படிப்பது? இதற்கு ஏதாவது செயலி உண்டா?

செயலி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் திறங்கள். ஐபோனில் அந்தப் படத்தின் கோட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இணைப்பு தோன்றும். முகவரியைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.