கடையில் வாங்கிய மக்கு உரம் செடிக்கு ஆகுமா என்று எப்படிப் பார்ப்பது?

மக்கு உரம் என்பது சாணம், இலைதழை, காய்கறிக் கழிவெல்லாம் நுண்ணுயிர்களால் சிதைந்து மண்போல ஆனது. பாதி மக்கியதைப் போட்டால் மீதி தொட்டியிலேயே மக்கும். சூடு கிளம்பும், நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். அரைவேக்காட்டுச் சோறு வயிற்றைக் கெடுக்கிற கதைதான்.

ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் கட்டி 3 நாள் வையுங்கள். திறந்தால் மண்வாசம் வர வேண்டும். அமோனியா நெடியோ புளித்த வாடையோ மூக்கைத் துளைத்தால், இன்னும் சில வாரம் நிழலில் ஆறப்போடுங்கள். அப்புறம், பாதி மண் கலந்து பச்சைப்பயறு போட்டுப் பாருங்கள். முளைக்காவிட்டாலோ இலை சுருண்டாலோ உப்போ களைக்கொல்லி எச்சமோ இருக்கலாம்; அந்த மூட்டை வேண்டாம்.

கறுப்பாக இருந்தாலே நன்றாக மக்கியது என்று பலர் நம்புகிறார்கள். காற்றுப்படாமல் அழுகிய சாணமும் கறுப்புதான்.