‘சொந்த வண்டி ஓட்டப் போறேன்’ என்று பையன் சொன்னால்

பிளஸ் டூ முடிவு வந்த மூன்றாம் நாள், மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் என்னிடம் வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, அப்பா, தாய்மாமா, 18 வயதுப் பையன். உட்காருவதற்கு முன்பே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்களாவது சொல்லுங்க சார். இன்ஜினியரிங் வேணாமாம். வண்டி ஓட்டப் போறானாம். இதுக்கா இவ்ளோ கஷ்டப்பட்டு படிக்க வச்சோம்?”

தண்ணீர் கொடுத்தேன். வயசு அப்படி, பேசிப் பார்க்கலாம், கவலைப்படாதீங்க என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் முதலில் சொன்னேன். அப்போது அவர் பையிலிருந்து ஒரு தனியார் கல்லூரியின் கட்டணச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். மேனேஜ்மென்ட் கோட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ், நான்கு வருடத்துக்கு 8 லட்சம். ஊரில் இருக்கும் மனையை அடமானம் வைத்துக் கட்டுவதாக ஏற்பாடு. நாத்தனார் மகன் அங்கே படிக்கிறானாம், அதனால் இவனும் அங்கேதானாம்.

அதற்கு மேல் என்னால் சமாதானம் பேச முடியவில்லை. “இந்தப் பணத்தைக் கட்டாதீங்கம்மா” என்றேன்.

இன்ஜினியரிங் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆசையோடு கேட்கிற பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் கிடைக்கிற இடமே போதும். ஆசை இல்லாத பிள்ளைக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்து இடம் வாங்கினாலும் அரியர்தான் சேரும். கடைசியில் மனையும் போய், டிகிரியும் முடிக்காமல் வந்து நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் இன்னொரு வீடு சேர வேண்டாம்.

பையனிடம் கேட்டேன், “ஏன் தம்பி வண்டி?” பதில் சொல்லாமல் முதுகுப் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினான். சித்தப்பா ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) வைத்திருக்கிறார். இரண்டு கோடை விடுமுறையிலும் அவரோடு கிளீனராகப் போயிருக்கிறான். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள்: தேதி, எங்கிருந்து எங்கே, கிலோமீட்டர், டீசல், வாடகை, ஹால்டிங் (காத்திருப்புக் கூலி). ஒரு வரியில் ‘மணலி – இருங்காட்டுக்கோட்டை, லோடு இறக்க 5 மணி நேரம், ஹால்டிங் தரலை’. அடுத்த வரியில் ‘ரிட்டர்ன் காலி’. மாதக் கடைசியில் கூட்டல் போட்டு, சித்தப்பாவுக்குக் கையில் நின்றது எவ்வளவு என்று தனியே வட்டமிட்டிருந்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை. எத்தனையோ திறனறித் தேர்வுகள் வைத்துப் பார்த்த எனக்கு, அந்த நோட்டைவிடத் தெளிவான விடைத்தாள் எதுவும் ஞாபகம் வரவில்லை.

“ஓட்டினியா?”

“இல்ல சார். ஒரே ஒரு வாட்டி கோயம்பேடு மார்க்கெட்ல ரிவர்ஸ் எடுத்தேன்.”

அதையும் செய்யக் கூடாது என்று அங்கேயே கண்டித்தேன். மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டியை ஓட்ட 20 வயது முடிய வேண்டும். அதற்கு முன்னால் இவன் ஸ்டியரிங்கைப் பிடித்து யார் மேலாவது மோதினால், இழப்பீடு சித்தப்பா தலையில் விழும். இதில் ‘ஒரு வாட்டிதானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா வாய் திறந்தார். “நான் 22 வருஷமா டிரெய்லர் ஓட்றவன் சார். ஹார்பருக்கு வெளிய எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ரெண்டு நாள், மூணு நாள் கியூல கெடந்து, வண்டிக்கு அடியில ஸ்டவ்வு வச்சு சோறாக்கித் தின்னவன். இடுப்பு போச்சு. எம் புள்ளைக்கு அது வேணாம்.”

அந்தக் குடும்பத்தில் அன்றைக்கு எழுந்த எதிர்ப்புகளில் நியாயமானது இது ஒன்றுதான். அவரிடம் சொன்னேன்: “அண்ணே, நீங்க ஓட்டினது அடுத்தவர் வண்டி. எத்தனை நாள் கியூவில நின்னாலும் கிளம்பிப் போற உரிமை உங்களுக்கு இல்ல. இவன் கேக்கறது டிரெய்லரும் இல்ல, ஹார்பரும் இல்ல.”

உடனே மாமா முன்னால் வந்தார். சொந்த வண்டி என்றால் சின்னது எதற்கு, தெரிந்தவர் ஒருவர் பதினாலு வீல் லாரி தருகிறார், மிச்ச டியூவை (கடன் தவணையை) மட்டும் நாம் கட்டினால் போதும், பேரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். பெற்றோர்கள் இந்த இடத்தில்தான் மிகவும் உஷாராக இருக்க வேண்டும். ஆர்சி புக்கில் பேர் இல்லாத வண்டி நம் வண்டி அல்ல. முப்பது டியூ கட்டிய பிறகும் ஃபைனான்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போகலாம், பழைய ஓனர் கை விரிக்கலாம். பதினாலு வீலுக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டுமே வருடத்துக்கு 44,000 ரூபாயைத் தாண்டும். ஓவர்லோடில் மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. முதல் வண்டியாக இதை வாங்கச் சொல்பவர் எவ்வளவு பாசமுள்ள மாமாவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் 18-க்கும் 20-க்கும் நடுவில் என்ன செய்வது? நான் காட்டிய வழி அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்). கிண்டியிலும் இருக்கிறது, வடசென்னையிலும் இருக்கிறது. மோட்டார் வண்டி மெக்கானிக் பிரிவு சரியாக இரண்டு வருடம். படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ். இன்ஜினைப் பிரித்துக் கோர்த்துப் பழகிய பையன், கிளட்ச் தேயும் வாசனையை வண்டி நிற்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே பிடித்துவிடுவான். ஒற்றை வண்டி ஓனருக்கு வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கிற ஒவ்வொரு நாளும் சோற்றில் விழுகிற அடி. அந்த அம்மாவுக்காக இன்னொன்றும் சொன்னேன்: ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். இவன் மனசு மாறினாலும் படிப்பின் கதவு திறந்தே இருக்கும்.

18 ஆகிவிட்டதால் இப்போதே கார் லைசென்ஸ். 20 வயதாகும்போது கையில் ஏறக்குறைய இரண்டு வருட லைசென்ஸ் இருக்கும். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. 3,000 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. குட்டி யானை, தோஸ்த் போன்ற சின்னச் சரக்கு வண்டிகள் எல்லாம் இதற்குள் அடங்கும். பெரிய லாரிகள் பகலில் ஊருக்கு வெளியே காத்துக் கிடக்கும்போது மண்ணடிச் சந்துக்குள் புகுந்து சரக்கு எடுத்துவருவது இந்த வண்டிகள்தான்.

20 வயது ஆன மறுநாளே வண்டி வாங்கக் கூடாது. ஒரு வருடம் சித்தப்பாவிடமோ வேறு ஓனரிடமோ சம்பளத்துக்கு ஓட்டட்டும். எந்தப் பார்ட்டி நாள் தவறாமல் காசு தருகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் அடுத்தவர் வண்டியில் இருக்கும்போதே தெரிந்துவிட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்து ஒரகடத்துக்கு அனுப்புகிற சின்ன பட்டறைகளில் ஒன்றோ இரண்டோ மாத வாடகைக்குப் பழக்கமானால் தைரியமாக இறங்கலாம். ஆப்பில் வருகிற சவாரியை மட்டும் நம்பி டியூவில் வண்டி வாங்க வேண்டாம்.

வாங்குவது எட்டு வயது தாண்டாத பழைய வண்டியாக இருக்கட்டும். எட்டு வருடம் வரை எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். பார்க்கப் போவது விடியற்காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது. புரோக்கர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும். ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, சேசிஸில் புது பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா? அதன் பிறகு காகிதம். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் நிலுவையில் உள்ள அபராதம் தெரியும். பழைய கடன் முடிந்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை சான்று) படிவம் 35-ம், பேர் மாற்ற 29-ம் 30-ம் கையெழுத்தாகாமல் முழுப் பணம் கொடுக்கவே கூடாது.

கடனில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். 4 லட்சம், மூன்று வருடம், ‘ஃப்ளாட் 10 பர்சன்ட்’ என்பார்கள். கடைசிவரை முழு அசலுக்கே வட்டி போட்டு 1,20,000, மாத டியூ 14,444. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற வங்கிக் கணக்கில் அது 18 சதவீதத்துக்குச் சமம். அதனால் முதலில் வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள். சிறு சரக்கு வண்டிக்கும் அது உண்டு.

அந்த டியூவை 25 ஓட்ட நாளால் வகுத்தால் நாளுக்கு 578 ரூபாய். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் வருடத்துக்கு 16,049 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 53. சாவி போடுவதற்கு முன்னாலேயே 630 ரூபாய் போய்விட்டது. டீசல், டயர், ஆயில், எஃப்சி எல்லாம் இதற்கு மேல்தான். தன் பேட்டாவையும் ஒரு டிரைவருக்குக் கொடுப்பதுபோல் செலவில் எழுதச் சொன்னேன். அதை எழுதாததால் லாபம் வருவதாக நினைத்துக்கொண்டே கடனாளி ஆகிறவர்கள் உண்டு. மூன்று மாத டியூ கையிருப்பில் இல்லாமல் வண்டி எடுக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். வருமான வரி பயமுறுத்த வேண்டாம்: சிறு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று காட்டிக் கணக்கை முடிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா, “சொந்தக்காரங்க கேட்டா என்ன சார் சொல்றது?” என்றார். “ஐடிஐ படிக்கிறான்னு சொல்லுங்க. உண்மைதானே. அதுக்கு மேல கேக்கறவங்க மனையை மீட்டுக் கொடுப்பாங்களான்னு கேளுங்க” என்றேன். கட்டணச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கல்லூரிக்குப் பணம் கட்ட அவர்களுக்கு இன்னும் நாள் இருந்தது. முடிவை வீட்டில் பேசிக்கொண்டு சொல்வதாகச் சொன்னார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. பையனின் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். மணலி வரியில் விரல் நின்றது.

“ஏன்டா, பைபாஸ்ல தானே போனீங்க? சூரப்பட்டு டோல் எங்க?”

பையன் பேனாவைத் தேடினான்.