புதுக்குடியிருப்பில் இணைய விளம்பரச் சேவையை யாருக்கு, எப்படி விற்பது?

புதுக்குடியிருப்பைச் சேர்ந்த வாசகி ஒருவரின் கேள்வி இது. இணையவழிச் சந்தைப்படுத்தலில் சான்றிதழ்க் கற்கைநெறி ஒன்றை முடித்த அவர், தோழி ஒருவருடன் சேர்ந்து, முகநூல் பக்கத்தை நடத்துதல், விளம்பரம் இடுதல், கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிதல் ஆகிய மூன்றையும் ஒரே பொதியாக மாதம் 15,000 ரூபாவுக்குச் செய்துதர முன்வந்தார். புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன் எனக் கடை கடையாக ஏறி இறங்கியும் “பிறகு பார்ப்பம், பிள்ளை” என்ற மறுமொழிதான் கிடைத்தது. பணம் கட்டிய ஒரே வாடிக்கையாளரான பலசரக்குக் கடைக்காரரும் இரண்டாவது மாதத்தோடு நிறுத்திவிட்டார். கட்டணத்தைக் குறைப்பதா, வவுனியாவில் ஓர் அலுவலகம் எடுப்பதா, அல்லது இந்தத் தொழிலே வன்னிக்குப் பொருந்தாததா என்று கேட்கிறார்.

தொழில் வன்னிக்குப் பொருந்தும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர் பொருந்தவில்லை. அந்தப் பலசரக்குக் கடைக்காரர் நிறுத்தியது நியாயமான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஒரு பிஸ்கட் பொதியில் அவருக்கு 15 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் மாதக் கட்டணத்தை ஈடுசெய்வதற்கு மட்டும் அவர் வழக்கத்தைவிட ஆயிரம் பொதிகளைக் கூடுதலாக விற்றாக வேண்டும். அவருடைய கடைக்கு வருகிறவர்களோ அதே வீதியில் வசிப்பவர்கள். கடன் கொப்பியில் ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள். முகநூலைப் பார்த்துத்தான் கடையைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். அவருக்கு நீங்கள் எவ்வளவு அழகான பதிவுகளைச் செய்துகொடுத்தாலும் கல்லாப்பெட்டியில் வேறுபாடு தெரியப்போவதில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, ஒரு புதிய வாடிக்கையாளரால் அந்த வணிகருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதையும், அந்த வாடிக்கையாளர் வாங்குவதற்கு முன் தேடிப் பார்க்கிறவரா என்பதையும்தான். திருமண மண்டபம், படப்பிடிப்பு நிலையம், கட்டட ஒப்பந்தகாரர், சூரிய மின்தகடு பொருத்துவோர், சாரதிப் பயிற்சி நிலையம், ஏ9 வீதியோரத் தங்குமிடம், உழவு இயந்திரங்களையும் அறுவடை இயந்திரங்களையும் திருத்தும் வேலைத்தலம் ஆகியவை இந்த இரண்டு சோதனைகளிலும் தேறக்கூடியவை. ஒரு கல்யாணப் படப்பிடிப்பில் செலவு போக 40,000 ரூபா மிஞ்சும் ஒருவருக்கு மாதத்தில் ஒரேயொரு கூடுதல் முன்பதிவு கிடைத்தாலே உங்கள் கட்டணம் அவருக்குச் சுமையாகத் தோன்றாது. வயலின் நடுவே இயந்திரம் நின்றுவிட்ட விவசாயி கைத்தொலைபேசியை எடுத்துத் தேடத்தான் செய்வார். அந்த நேரத்தில் அவர் விலையையும் அதிகம் பேசமாட்டார்.

இவற்றுள்ளும் வன்னிக்கே உரிய ஒரு வாய்ப்பு உண்டு. இங்கே நடக்கும் கல்யாணம், சாமத்திய வீடு, வீடு கட்டுதல், கிணறு திருத்துதல் முதலியவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுப்பவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருக்கிறார். அவரால் கடைக்கு நேரில் வந்து பார்க்க முடியாது. இணையத்தில் தெரிவதையும் உறவினர் சொல்வதையும் வைத்தே அவர் தீர்மானிக்கிறார். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மல்லாவியில் உள்ள வீட்டுக்குக் கேக் அனுப்ப விரும்பும் மகளுக்கு, படமும் விலையும் தொலைபேசி எண்ணும் உள்ள ஒரு பக்கம் போதும். கேக் செய்கிறவரிடம் இவை மூன்றும் ஒழுங்காக இல்லாததால் அந்தப் பணம் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய்விடுகிறது. ஆனால் இதில் நேர வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது. லண்டன் எங்களுக்கு நாலரை அல்லது ஐந்தரை மணித்தியாலம் பின்னால் உள்ளது. ரொறன்ரோ பருவத்தைப் பொறுத்து ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம் பின்னால் உள்ளது. அங்கே வேலை முடிந்து ஒருவர் செய்தி அனுப்பும் நேரம் இங்கே அதிகாலை. ஆகவே வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் தானாகப் போகும் மறுமொழி ஒன்றை விலைப்பட்டியலோடு அமைத்துக்கொடுப்பது அலங்காரமான பத்துப் பதிவுகளைவிடப் பயனுள்ள வேலை.

மூன்று சேவைகளையும் ஒரே பொதியாகக் கட்டியதும் உங்களுக்குத் தடையாக இருந்திருக்கிறது. முதலில் கூகுள் வணிகப் பதிவை, அதாவது கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியும் வேலையை, மட்டும் தனியாக விற்குமாறு சொல்வேன். அது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை. பயன் விரைவில் தெரியும். கூகுளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதை வணிகரிடம் வெளிப்படையாகச் சொல்லி, உங்கள் உழைப்புக்கு மட்டும் பணம் கேட்கலாம். இதைச் சரியாகச் செய்வோர் இங்கே குறைவு. பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே பதிவிலும் இட வேண்டும். பெயருக்குப் பின்னால் “கிளிநொச்சியில் சிறந்த, மலிவான” என்றெல்லாம் சேர்ப்பது கூகுளின் விதிகளுக்கு மாறானது, பதிவே முடக்கப்படலாம். தொழில் வகையைத் துல்லியமாகத் தெரிவுசெய்ய வேண்டும். “155ஆம் கட்டைக்கு அருகில்” என்பது உள்ளூர் ஆளுக்குத் தெளிவான முகவரி, ஆனால் வரைபடத்துக்கு அது போதாது; கடை வாசலில் நின்றுகொண்டு புள்ளியை நீங்களே சரியான இடத்துக்கு நகர்த்துங்கள். உறுதிப்படுத்துவதற்குக் கூகுள் பெரும்பாலும் ஒரு காணொளியைக் கேட்கும். அதில் வீதியும் பெயர்ப்பலகையும் தெரிய வேண்டும். கதவைத் திறப்பது, கல்லாப்பெட்டியைத் திறப்பது போன்ற, உரியவரால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு செயலும் பதிவாக வேண்டும். ஆகையால் முதலாளி கடையில் நிற்கும் நேரத்தில் போங்கள்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் அச்சகங்களில் பதாகைகளும் அழைப்பிதழ்களும் இன்னும் பெருமளவில் பாமினி எழுத்துருவிலேயே அமைக்கப்படுகின்றன. அந்தக் கோப்பிலிருந்து வரிகளை எடுத்து அப்படியே ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே விழும். அதனால் பலர் பதாகையின் படத்தையே பதிவேற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கடையில் என்ன கிடைக்கும் என்பதை விபரப் பகுதியில் யூனிகோட் தமிழில் எழுத்தாகவே எழுதிக்கொடுங்கள். கூடவே ஊர்ப் பெயரை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். வாடிக்கையாளரிடம் கருத்தும் நட்சத்திர மதிப்பீடும் கேட்பதில் பிழையில்லை. ஆனால் கழிவோ பரிசோ கொடுத்து அதை வாங்குவதும், தோழிகளைக் கொண்டு பொய்யாக எழுதுவிப்பதும் தடைசெய்யப்பட்டவை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் அது ஒரு நாளிலேயே வெளிப்பட்டும் விடும்.

அழைப்பு வரத் தொடங்கிய பிறகு யார் எடுப்பது என்ற கேள்வி எழும். இந்தச் சேவை பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பதிவில் கொடுத்த எண் முதலாளியின் சொந்த எண்ணாக இருக்கும். அவர் வயலுக்குப் போயிருப்பார், அல்லது தெரியாத எண்ணென்று எடுக்காமல் விட்டிருப்பார். மாதக் கடைசியில் “ஒருத்தரும் வரேல்லை” என்பார். கடைக்கென்று தனியான எண்ணை எடுக்கச் செய்து, அதை எடுப்பதற்கு ஓர் ஆளை முதலிலேயே குறித்துவிட்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் “எங்கே பார்த்து அழைத்தீர்கள்?” என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியை மாதமொருமுறை அவரோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் நீங்கள் கொடுக்கும் அறிக்கை. எத்தனை விருப்பக்குறி விழுந்தது, எத்தனை பேரின் திரையில் பதிவு தோன்றியது என்ற எண்கள் அவருக்கு எதையும் சொல்லமாட்டா. வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்துவைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதால், பற்றுச்சீட்டு எழுதும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லும் வழக்கத்தை உண்டாக்க வேண்டும்.

கட்டண விளம்பரத்தை இதற்குப் பிறகே எடுங்கள். முகநூல் பதிவின் கீழே உள்ள பொத்தானை அழுத்திப் பணம் கட்டி அதைப் பலருக்குக் காட்டுவதைவிட, பார்ப்பவர் அழுத்தியவுடன் கடையோடு வட்ஸ்அப் உரையாடல் திறக்கும் வகை விளம்பரம் இங்குள்ள சிறு வணிகருக்கு ஏற்றது. விளம்பரம் தோன்ற வேண்டிய இடத்தைக் குறிக்கும்போது முல்லைத்தீவு நகரை நடுவாக வைத்து வட்டம் போட்டால் அதில் ஏறத்தாழப் பாதி கடலில் விழும். முள்ளியவளை, ஒட்டுசுட்டான் போன்ற உள்நாட்டுப் புள்ளிகளையும் சேர்த்துத் தெரிவுசெய்தால் குடிமனைகள் சரியாக அடங்கும். அண்மையில் அந்த இடத்துக்கு வந்துபோனவரையும் இந்த வட்டம் உள்ளடக்கும் என்பதால், வெளியூரவர் திரளும் வற்றாப்பளை அம்மன் பொங்கலை அண்டிய நாள்களில் கிடைக்கும் விளம்பர எண்ணிக்கைகளை வைத்து உள்ளூர்த் தேவையைக் கணக்கிடாதீர்கள். கனடாவில் உள்ளவருக்குக் காட்டும் விளம்பரத்துக்கு இங்கே காட்டுவதைவிடப் பல மடங்கு செலவாகும். மண்டபம், வீடு கட்டுதல் போன்ற பெரிய தொகை வேலைகளுக்கு மட்டும் அதை வையுங்கள்.

காலத்தையும் பாருங்கள். காலபோக நெல் தை தொடங்கிப் பங்குனி வரை வெட்டப்படுகிறது. வன்னிக் கடைத்தெருவில் பணம் புழங்குவது அப்போதுதான். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் கூட்டம் முடிந்தவுடன், அந்த ஆண்டின் அடுத்த அரைப்பகுதி எப்படி இருக்கும் என்பதை வணிகர்கள் கணித்துவிடுகிறார்கள். மழை கொட்டும் கார்த்திகையில் போய்ப் புதிய செலவொன்றைப் பற்றிப் பேசினால் நல்ல சேவைக்கும் மறுப்புத்தான் கிடைக்கும். மண்டபக்காரரிடம் ஆடி மாதத்தில் பேசுங்கள்: கல்யாணம் இல்லாத அந்த மாதத்தில் அவருக்கு நேரமும் இருக்கும், ஆவணியைப் பற்றிய கவலையும் இருக்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 15,000 ரூபா என்ற தொகையைவிட “மாதம் மாதம்” என்ற சொல்லே மக்களை அச்சப்படுத்துகிறது. போருக்குப் பின் லீசிங்கிலும் நுண்கடனிலும் அகப்பட்டு எழுந்த ஊர்கள் இவை. தவணை என்று தொடங்கும் எதையும் ஐயத்தோடு பார்ப்பது இங்கே அனுபவத்தால் வந்த புத்தி. ஆகவே பதிவு வேலைக்கு ஒருமுறைக் கட்டணம், பிறகு மூன்று மாதத்துக்கு மட்டுமான ஓர் இணக்கம், அது முடிந்ததும் விரும்பினால் தொடரலாம் என்று பேசுங்கள். விளம்பரத்துக்காக முகநூல் நிறுவனத்துக்குப் போகும் பணமும் உங்கள் கூலியும் ஒரே தொகையாகக் கலக்கவே கூடாது. முடிந்தவரை அவருடைய வங்கி அட்டையிலிருந்தே விளம்பரச் செலவு கழியட்டும். டொலர் விலை ஏறி இறங்கும்போது வரும் வேறுபாட்டை நீங்கள் சுமக்கத் தேவையில்லை. இன்னும் முக்கியமானது, பக்கமும் கூகுள் பதிவும் விளம்பரக் கணக்கும் வணிகரின் பெயரிலேயே இருந்து, நீங்கள் முகாமையாளராக மட்டும் சேர்க்கப்பட வேண்டும் என்பது. யாரோ ஒரு மருமகன் தன் மின்னஞ்சலில் தொடங்கிவிட்டு வெளிநாடு போய், கடவுச்சொல்லும் தெரியாமல், பழைய எண்ணோடு அநாதையாகக் கிடக்கும் பக்கங்கள் வன்னியில் ஏராளம். அவற்றை மீட்டுக்கொடுப்பதையே ஒரு தனிச் சேவையாக விற்கலாம்.

இவை அனைத்தையும் ஒரு பக்கத் தமிழ் ஒப்பந்தமாக எழுதி நீங்களும் வணிகரும் கையொப்பமிடுங்கள். அதில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, கடைக்கு வரும் வாடிக்கையாளரின் தொலைபேசிப் பட்டியலை வேறெவருக்கும் பயன்படுத்தமாட்டோம் என்பது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவே. மற்றையது, ஒரே ஊரில் ஒரே தொழில் செய்யும் இருவரை ஒரே நேரத்தில் எடுக்கமாட்டோம் என்பது. கிளிநொச்சியில் இரண்டு மண்டபங்களுக்கும் நீங்களே விளம்பரம் செய்தால், வந்த அழைப்பு யாருக்கு உரியது என்ற வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். கிளிநொச்சியில் ஒன்று, மாங்குளத்தில் ஒன்று, நெடுங்கேணியில் ஒன்று என்று எடுத்தால் முதல் இடத்தில் கற்றது அடுத்த இரண்டு இடங்களிலும் கைகொடுக்கும். “கூகுளில் முதலாவதாக வரச்செய்வோம்” என்ற வாக்குறுதியை எழுத்திலும் பேச்சிலும் கொடுக்காதீர்கள். தேடுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து விடை மாறுவதால் அதை யாராலும் உறுதியளிக்க முடியாது.

நேரில் போகும்போது பொதியை விளக்கும் கடதாசியை எடுத்துப் போக வேண்டாம். முதல்நாள் இரவே அந்தத் தொழிலை அந்த ஊர்ப் பெயரோடு தேடி, யார் வருகிறார், இவர் ஏன் வரவில்லை, இவருடைய எண் எங்கே பிழையாக உள்ளது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடை ஓய்ந்திருக்கும் பிற்பகலில் போய், அவருடைய தொலைபேசியிலேயே அதைத் தேடிக் காட்டுங்கள். மூன்று வசனம் பேசினால் போதும். அவர் தம் மகனைக் கூப்பிட்டுக் காட்டினால் நீங்கள் பாதி விற்றுவிட்டீர்கள்.

வவுனியா அலுவலகம் இப்போது தேவையில்லை. உங்களைத் தேடி எந்த முதலாளியும் பேருந்து ஏறி வரப்போவதில்லை. நீங்கள்தான் போக வேண்டும். அதற்குப் பதிலாக உங்கள் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவுசெய்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், தனியார் கல்வி நிலையம் போன்றவை காசோலையால்தான் பணம் கொடுக்கும். அவற்றுக்கு உங்கள் தனிப்பெயர் போதாது. அலுவலக வாடகைக்கு என்று வைத்திருந்த பணத்தில் நல்ல ஒளிப்படக் கருவியொன்றை வாங்கலாம்.