ஸ்டெப்னியைப் பூட்டுவது எப்படி? பிக்கப் ஓட்டுநர்களின் கேள்விகள்

கொஞ்ச நாளாக வரும் கேள்விகளில் ஸ்டெப்னி திருட்டு பற்றியவைதான் அதிகம். டிஸ்க்கோடு (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) ஒரு டயர் போனால், சொந்தமாக ஒரே ஒரு பிக்கப் வைத்து ஓட்டுபவருக்குப் பல நாள் உழைப்பு போகிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோயம்பேட்டில் லோடு இறக்கிவிட்டு கேபினிலேயே தூங்கினேன். திரும்பும் வழியில் பஞ்சர். குனிந்து பார்த்தால் ஸ்டெப்னி இல்லை. உள்ளேயே இருந்தும் எனக்குச் சத்தம் கேட்கவில்லையே?

சத்தம் வரும்படி அவன் எதையும் உடைத்திருக்க மாட்டான். பல பிக்கப்களில் ஸ்டெப்னி பின்பக்கம் அடியில், ஒரு சின்ன வின்ச்சில் (சுற்றி ஏற்றி இறக்கும் உருளை) செயினிலோ கம்பிக் கயிற்றிலோ தொங்கும். வின்ச் துளைக்குள் ராடை விட்டுச் சுற்றினால் டயர் மெல்ல இறங்கித் தரையில் உட்காரும். டிஸ்க்கின் நடுவில் அதைத் தாங்கியிருக்கும் தட்டைச் சாய்த்து உருவினால் வேலை முடிந்தது. நடுரோட்டில் பஞ்சராகி நிற்கும் உங்களுக்காகச் செய்த வசதி அது. அதே அளவில் ராடு வைத்திருக்கும் எவனுக்கும் அது வேலை செய்யும்.

என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில், டயரை எடுத்தவன் வெறும் செயினைத் திரும்பவும் மேலே சுற்றி ஏற்றிவிட்டுப் போயிருந்தான். தட்டு அதன் இடத்தில் இறுக்கமாக இருந்தது. செயின் தொங்கித் தரையில் உரசியிருந்தால் ஓட்டுநருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். எப்போது, எந்த ஊரில் போனது என்று கடைசிவரை அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் காலையில் வண்டி எடுக்கும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

வின்ச் துளைக்கே ஒரு பூட்டு போட்டால் போதாதா?

போதாது. துளையை அடைத்தால் ராடு உள்ளே போகாது, சரி. ஆனால் டயரைத் தாங்கும் கயிற்றை போல்ட் கட்டரால் வெட்டிவிட்டால்? டயர் தானாகவே கீழே விழும். சக்கரத்தையும் சேஸியையும் (வண்டியின் அடிச்சட்டம்) நேராக இணைத்துப் பூட்டுவதுதான் வழி.

கெட்டிப்படுத்திய எஃகுச் செயினாக, கண்ணி 10 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதா இரும்புச் செயின் சீக்கிரம் வெட்டுப்படும். டிஸ்க்கில் இருக்கும் துளை வழியாகச் செயினை விட்டு, சேஸியின் குறுக்குச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சேஸியை ஒட்டியே பிரேக் பைப்பும் ஒயரிங்கும் போகும். செயின் அவற்றின் மேல் அழுந்தினால், ஓட்டத்தின் அதிர்வில் தேய்த்துத் தேய்த்து அறுத்துவிடும். டயரைக் காப்பாற்றப் போய் பிரேக்கை இழக்கக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்துச் சுற்றுங்கள். சைலன்சர் பக்கமும் வேண்டாம். செயினைப் பழைய பைக் டியூபுக்குள் நுழைத்துவிட்டால் கடகடவென்ற சத்தமும் இருக்காது.

தொய்வு மிகக் குறைவாக இருக்கட்டும். செயின் தளர்ந்து தரைவரை வந்தால், அதைத் தரையில் வைத்தே வெட்டிவிடுவான்.

எங்கள் ஊர் திண்டுக்கல். நம்ம ஊர்ப் பூட்டையே போடலாமா?

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. எனக்கும் அதன் மேல் மதிப்பு உண்டு. குடோன் கதவுக்குப் போடுங்கள். வண்டிக்கு அடியில் சேறும் தண்ணீரும் நேராகச் சாவித்துளைக்குள் அடிக்கும். வளைந்த கம்பியும் வெளியே தெரியும், கட்டருக்கு வாய்ப்பாகிவிடும். இந்த இடத்துக்குக் கம்பி உள்ளே மறைந்திருக்கும் வட்டமான ஷட்டர் வகைப் பூட்டு பொருத்தம். சாவித்துளை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். மேலே ஒரு டியூப் துண்டைக் கட்டி மூடுங்கள்.

மாதம் ஒருமுறை பூட்டைத் திறந்து எண்ணெய் விட்டு, டயரைத் தரைவரை இறக்கி, காற்று பார்த்து, வின்ச்சுக்கு கிரீஸ் வைத்து ஏற்றுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, லோடோடு, மழையில் திறக்க வராத பூட்டால் உங்களுக்கு என்ன பயன்? சாவி வண்டிச் சாவி வளையத்திலேயே இருக்கட்டும். ஓட்டுநர் மாறினால் சாவியும் கை மாற வேண்டும்.

பேசாமல் வெல்டிங் வைத்துவிடலாமா என்று முதலாளி கேட்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். காற்று நிரம்பிய டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் வெல்டிங் சூடு பட்டால் டயர் வெடிக்கும். பக்கத்தில் இருப்பவர் உயிரே போகலாம்.

திருடுபோனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

டயர் மட்டும் தனியாகப் போயிருந்தால், சரக்கு வண்டிக்கான வழக்கமான பாலிசியில் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து திருடுபோயிருக்க வேண்டும். ஆனாலும் போலீஸில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அதற்கு அடையாளம் வேண்டும். இன்றைக்கே டயரின் பக்கவாட்டு எண்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். அதில் 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஒரே வாரத்தில் எத்தனையோ டயர் வந்திருக்கும் என்பதால், டிஸ்க்கின் உள்பக்கத்தில் வண்டி எண்ணைப் பெயிண்டில் பெரிதாக எழுதிவிடுங்கள். டயரில் ஆழமாகச் சூடு போட வேண்டாம், உள்ளே இருக்கும் நூல் பாழாகும்.

பாதி விலைக்கு டிஸ்க்கோடு டயர் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பில் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவில் உங்கள் மேலும் வழக்கு வரும். அந்த டிஸ்க்கின் உள்பக்கத்தில் புதிதாகச் சுரண்டிய பெயிண்ட் தெரிந்தால், அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.